பெரிபெரியும் புழுங்கல் அரிசியும்: நெகிரி செம்பிலான் சொல்லும் பாடம்

சோறு ஒரு மனிதனைக் கொல்லுமா? இன்று இப்படிக் கேட்டால் சிரிப்பார்கள். ஆனால், நூறு ஆண்டுகளுக்கு முன்பு இந்த மலாயா மண்ணில் ஆயிரக்கணக்கானோர் மூன்று வேளையும் சோறு தின்றுகொண்டே செத்துப் போனார்கள். அவர்கள் பட்டினி கிடந்தவர்கள் அல்லர். வயிறு நிறையச் சாப்பிட்டவர்கள். அவர்களைக் கொன்ற நோயின் பெயர் பெரிபெரி.

அந்த நோயின் மர்மம் அவிழ்ந்த கதையில் நெகிரி செம்பிலான் மாநிலத்திற்குப் பெரிய பங்கு உண்டு. அங்கே தோட்டத்து லயங்களில் வாழ்ந்த தமிழ்ப் பாட்டாளிகளின் சோற்றுப் பானைக்கும் அதில் ஓர் இடம் உண்டு. மருத்துவ வரலாற்று நூல்களில் இடம்பெற்ற இந்தச் செய்தி நம் வீடுகளில் அதிகம் பேசப்படுவதில்லை. ஆகவே, நேயர்களே, அதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

காலில் தொடங்கி நெஞ்சில் முடியும் நோய்

பெரிபெரி வந்தவனுக்கு முதலில் கால் மரத்துப் போகும். நடை தள்ளாடும். சிலருக்குத் தசை வற்றி, பாதத்தைத் தூக்கி வைக்க முடியாமல் போகும். வேறு சிலருக்குக் காலில் நீர் கோத்து வீங்கும். வீக்கம் மேலே ஏறும். இதயம் பலவீனமாகி மூச்சுத் திணறும். நேற்று வேலைக்குப் போனவன் இன்று பிணமாகக் கிடப்பதும் உண்டு.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஈயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர்களை இந்நோய் வாரிக்கொண்டு போனது. சிறைச்சாலைகளிலும் மனநோய் மருத்துவமனைகளிலும் அது புகுந்தது. அரசு மருத்துவமனைகளின் படுக்கைகள் பெரிபெரி நோயாளிகளால் நிரம்பின.

காரணம் யாருக்கும் தெரியவில்லை. கிருமி என்றார்கள் சிலர். மண்ணிலிருந்து கிளம்பும் நச்சு என்றார்கள் சிலர். ஈரக் கட்டடம், நெரிசல், கெட்ட காற்று என்று ஒவ்வொருவரும் ஒவ்வொன்றைச் சொன்னார்கள். நோயாளி மட்டும் செத்துக்கொண்டிருந்தான்.

சிரம்பான் மருத்துவர் போட்ட கணக்கு

அந்தக் காலத்தில் நெகிரி செம்பிலானின் அரசுத் தலைமை மருத்துவராக இருந்தவர் வில்லியம் லியோனார்ட் பிராடன். சிரம்பானில் இருந்த அவர் ஒரு விஷயத்தைக் கவனித்தார். ஒரே வெயில், ஒரே மழை, ஒரே காடு. ஆனால், எல்லா இனத்தாரையும் பெரிபெரி ஒரே மாதிரி தாக்கவில்லை.

சீனர்களிடையே நோய் கடுமையாக இருந்தது. கம்பத்து மலாய்க்காரர்களிடம் அது மிக அரிது. தமிழர்களிடமும் மிக அரிது. காப்பித் தோட்டங்களிலும் பிறகு ரப்பர் தோட்டங்களிலும் வேலை செய்த தமிழர்கள் மலேரியாவால் மடிந்தார்கள், வயிற்றுப்போக்கால் மடிந்தார்கள். பெரிபெரி மட்டும் அவர்களை ஏறக்குறைய ஒதுக்கிவிட்டுப் போனது. ஏன்?

மருத்துவமனை, சிறைச்சாலைப் பதிவுகளை அலசிய பிராடன், மூன்று இனத்தாரும் சாப்பிட்ட அரிசியைப் பார்த்தார். அங்கேதான் வித்தியாசம் இருந்தது.

சுரங்கத் தொழிலாளி சாப்பிட்டது சயாமிலிருந்தும் பர்மாவிலிருந்தும் கப்பலில் வந்த வெள்ளைப் பச்சரிசி. நீராவி ஆலையில் தவிடு முழுவதும் போகும்படித் தீட்டப்பட்ட அரிசி அது. முதலாளி எந்த அரிசியைக் கொடுத்தாரோ அதையே அவன் தின்றான். மலாய்க்காரர் தம் வயலில் விளைந்த நெல்லை அவ்வப்போது உரலில் குத்திச் சாப்பிட்டார். தமிழர் சாப்பிட்டதோ புழுங்கல் அரிசி. நெல்லை ஊறவைத்து, அவித்து, காயவைத்து, அதன் பிறகு உமி நீக்கிய அரிசி.

தீட்டிய பச்சரிசிதான் பெரிபெரிக்குக் காரணம் என்று பிராடன் வாதிட்டார். பல ஆண்டு உழைப்பில் சேர்த்த விவரங்களை 1907ஆம் ஆண்டில் பெரிய நூலாகவே வெளியிட்டார். பழைய பச்சரிசியில் ஏதோ ஒரு நச்சு உண்டாகிறது என்பது அவருடைய எண்ணம். அந்த விளக்கம் தவறு என்பது பிறகு தெரிந்தது. ஆனால், அவர் விரல் நீட்டிய இடம் சரியான இடம்.

ஆய்வகம் வேறு பக்கம் பார்த்தது

இதே காலத்தில் கோலாலம்பூரில் ஓர் ஆய்வகம் எழும்பியிருந்தது. 1900ஆம் ஆண்டில் பிராங்க் சுவெட்டன்ஹாம் முயற்சியில் தொடங்கப்பட்ட மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அது. பெரிபெரி, மலேரியா போன்ற நோய்களின் காரணத்தைக் கண்டறிவதே அதன் வேலை.

அதன் முதல் இயக்குநர் ஹாமில்டன் ரைட். அது கிருமிகளின் காலம். காசநோய்க்கும் காலராவுக்கும் கிருமி கண்டுபிடித்த பெருமிதத்தில் உலகம் இருந்தது. நுண்ணோக்கியில் பார்த்தால் எல்லா நோய்க்கும் ஒரு கிருமி கிடைக்கும் என்று நம்பினார்கள். ரைட்டும் பெரிபெரி ஒரு தொற்றுநோய் என்றே முடிவு கட்டினார். சிலாங்கூரின் அரசுத் தலைமை மருத்துவர் டிராவர்ஸ் போன்றவர்களும் அரிசிக் கருத்தை ஏற்கவில்லை.

ஆக, நோயாளியைப் பார்த்த சிரம்பான் மருத்துவரிடம் கணக்கு இருந்தது, சோதனை இல்லை. கோலாலம்பூர் ஆய்வகத்திடம் கருவி இருந்தது, சரியான கேள்வி இல்லை. இருவரும் ஒன்று சேராத ஒவ்வொரு மாதத்திற்கும் விலையாகப் போனது தொழிலாளியின் உயிர்.

பக்கத்து நாடான ஜாவாவில் இதற்கு முன்பே ஒரு தடயம் கிடைத்திருந்தது. பத்தாவியாவில் டச்சு மருத்துவர் எய்க்மன் தம் ஆய்வகத்துக் கோழிகளுக்குக் கால் தள்ளாடுவதைக் கண்டார். இராணுவ மருத்துவமனையில் மிஞ்சிய வெள்ளைச் சோற்றை அவை தின்றிருந்தன. தீட்டாத அரிசியைக் கொடுத்ததும் அவை தேறின. அவருக்குப் பின் வந்த கிரைன்ஸ், 1901ஆம் ஆண்டில் இன்னும் தெளிவாகச் சொன்னார். வெள்ளை அரிசியில் நச்சு எதுவும் இல்லை, உடம்புக்குத் தேவையான ஏதோ ஒன்று அதில் இல்லாமல் போகிறது என்றார். ஆனாலும், கோழிக்கு வந்ததும் மனிதனுக்கு வந்ததும் ஒன்றுதானா என்ற சந்தேகம் நீடித்தது.

இரண்டு பந்தி

1905ஆம் ஆண்டு இறுதியில் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் வில்லியம் பிளெட்சர் என்ற மருத்துவர் ஒரு சோதனையைத் தொடங்கினார். நோயாளிகளை இரண்டு பிரிவாகப் பிரித்தார். ஒரு பந்திக்குச் சயாம் பச்சரிசிச் சோறு. இன்னொரு பந்திக்கு இந்தியப் புழுங்கல் அரிசிச் சோறு. மற்ற எல்லாம் ஒன்றே. கட்டடம்தான் காரணமோ என்ற சந்தேகம் வராமலிருக்க, இடையில் இரு பிரிவினரின் தங்குமிடத்தையும் மாற்றினார்.

ஓராண்டில் முடிவு தெரிந்தது. பச்சரிசிப் பந்தியில் பெரிபெரி பரவியது. 18 பேர் அந்த நோயில் இறந்தனர். புழுங்கல் அரிசிப் பந்தியில் ஒருவர்கூட பெரிபெரியால் சாகவில்லை. பிளெட்சரின் அறிக்கை 1907ஆம் ஆண்டில் லண்டன் மருத்துவ இதழான 'லான்செட்'டில் வெளிவந்தது.

அந்த 18 பேரிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. கேட்டாலும் பதில் சொல்லும் நிலையில் அவர்களில் பலர் இருந்திருக்க மாட்டார்கள். இன்றைய மருத்துவ நெறிமுறை இப்படிப்பட்ட சோதனையை அனுமதிக்காது. நாம் இன்று அனுபவிக்கும் அறிவுக்கு அவர்கள் உயிரால் விலை கொடுத்தார்கள் என்பதை மறக்கக் கூடாது.

துரியான் திப்புஸ் காட்டில்

சந்தேகப்பட்டவர்கள் இன்னும் அடங்கவில்லை. அடைபட்ட கட்டடத்தில் கிருமி ஒளிந்திருக்கலாமே என்றார்கள். அப்படியானால் பழைய கட்டடமே இல்லாத இடத்தில் சோதித்துப் பார்க்கலாம் என்று முன்வந்தவர்கள் இருவர். ஒருவர், மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் அப்போதைய இயக்குநர் ஹென்றி பிரேசர். மற்றவர், அங்கே பணியாற்றிய கனடா நாட்டு நுண்ணுயிர் ஆய்வாளர் தாமஸ் ஸ்டான்டன்.

அவர்கள் தேர்ந்தெடுத்த இடம் நெகிரி செம்பிலானில் இருந்தது. ஜெலுபு மாவட்டத்தில், பகாங் எல்லைப் பக்கம் உள்ள துரியான் திப்புஸ். அன்று அது அடர்ந்த காடு. சாலை போடுவதற்காக ஜாவாவிலிருந்து 300 தொழிலாளர்கள் அங்கே கொண்டுவரப்பட்டிருந்தார்கள். புதிய இடம், புதிய கொட்டகைகள்.

தொழிலாளர்கள் இரண்டு குழுவாகப் பிரிக்கப்பட்டார்கள். ஒரு குழுவிற்குத் தீட்டிய வெள்ளை அரிசி. இன்னொரு குழுவிற்குப் புழுங்கல் அரிசி. வேலையும் வசதியும் இரு குழுவிற்கும் ஒன்றே. ஏறக்குறைய மூன்று மாதத்தில் வெள்ளை அரிசிக் குழுவில் பெரிபெரி தலைகாட்டியது. புழுங்கல் அரிசிக் குழுவில் யாருக்கும் வரவில்லை. நோய் வந்த குழுவிற்குப் புழுங்கல் அரிசி கொடுத்ததும் புதிதாக நோய் வருவது நின்றது. பிறகு அரிசியை மாற்றிப் பார்த்தார்கள். முன்பு நலமாக இருந்த குழு வெள்ளை அரிசியைச் சாப்பிட, அவர்களுக்கும் நோய் வந்தது.

இனமும் ஒன்று, இடமும் ஒன்று, வேலையும் ஒன்று. மாறியது அரிசி மட்டுமே. 1909ஆம் ஆண்டில் பிரேசரும் ஸ்டான்டனும் தங்கள் அறிக்கையை வெளியிட்டார்கள். சிரம்பானில் பிராடன் எழுப்பிய கேள்விக்கு, அதே மாநிலத்தின் காட்டுக்குள்ளிருந்து ஆய்வகம் பதில் சொன்னது.

தவிட்டில் ஒளிந்திருந்த உயிர்

இருவரும் அத்துடன் நிற்கவில்லை. தீட்டும்போது கழிந்து போகும் தவிட்டைக் கோழிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். வெள்ளை அரிசியோடு தவிட்டையும் தின்ற கோழி நலமாக இருந்தது. ஆலையில் குப்பையாகக் கழிக்கப்பட்ட பொருளில்தான் மனிதனைக் காப்பாற்றும் சத்து இருந்தது!

நல்ல அரிசி எது, ஆபத்தான அரிசி எது என்று கண்ணால் பார்த்து எப்படிச் சொல்வது? இதற்கும் அவர்கள் ஒரு வழி கண்டார்கள். தவிட்டில் பாஸ்பரஸ் சத்து அதிகம். ஆகவே, அரிசியில் உள்ள பாஸ்பரஸ் பெண்டாக்சைடை அளந்தால், தவிடு எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று தெரிந்துவிடும். 0.4 விழுக்காட்டுக்குக் குறைந்தால் அந்த அரிசியை மட்டும் நம்பி வாழ்வது ஆபத்து. பாஸ்பரஸ் பெரிபெரிக்கு மருந்து அன்று. அது ஓர் அடையாளம்தான். ஆனால், சிறைக்கும் மருத்துவமனைக்கும் அரிசி வாங்கும் அதிகாரியின் கையில் ஓர் அளவுகோல் கிடைத்தது. ஆய்வகம் பொதுமக்களுக்குச் செய்யக்கூடிய பேருதவி இதுதான். கண்ணுக்குத் தெரியாத ஆபத்தை எண்ணாக மாற்றிக் காட்டுவது.

மணிலாவில் கூடிய சங்கம்

கண்டுபிடிப்பு வந்துவிட்டது. ஆனால், மலாயாவில் நடந்த ஆய்வின் அறிக்கை மணிலாவிலும் ஹாங்காங்கிலும் இருக்கும் சமையல்கட்டுக்குள் எப்படிப் போகும்? அதைச் செய்தது ஒரு தொழில்முறைச் சங்கம்.

1908ஆம் ஆண்டில் மணிலாவில் தூரக்கிழக்கு வெப்பமண்டல மருத்துவச் சங்கம் உருவானது. நோயாளியைப் பார்க்கும் மருத்துவர்களும், ஆய்வகத்தில் வேலை செய்யும் நுண்ணுயிர், வேதியியல் ஆய்வாளர்களும், சுகாதார அதிகாரிகளும் அதில் சேர்ந்தே இருந்தார்கள். பிலிப்பைன்ஸ் அமெரிக்கர் கையில், மலாயாவும் ஹாங்காங்கும் பிரிட்டிஷார் கையில், ஜாவா டச்சுக்காரர் கையில், இந்தோசீனா பிரெஞ்சுக்காரர் கையில் இருந்த காலம் அது. தனித்தனியாகக் கிடந்த ஆய்வுகளை ஒரே மேசைக்குக் கொண்டுவர ஓர் அமைப்பு தேவைப்பட்டது.

1910ஆம் ஆண்டு மார்ச் மாதம் மணிலாவில் இச்சங்கத்தின் முதல் மாநாடு கூடியது. பெரிபெரி அங்கே முக்கிய விவாதப் பொருளானது. பல நாடுகளின் அனுபவங்கள் அடுக்கப்பட்டன. இறுதியில் சங்கம் ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. தீட்டிய வெள்ளை அரிசியை முதன்மை உணவாகத் தொடர்ந்து உண்பதோடு பெரிபெரி தொடர்புடையது என்பதற்குப் போதிய சான்று கிடைத்துவிட்டது, இதைச் சம்பந்தப்பட்ட அரசாங்கங்களின் கவனத்திற்குக் கொண்டு செல்ல வேண்டும் என்பதே அதன் சாரம்.

அதே 1910ஆம் ஆண்டில் பிலிப்பைன்ஸ் அரசாங்கம் தன் பொது நிறுவனங்களில் தீட்டிய அரிசிக்குப் பதிலாகத் தீட்டாத அரிசியைப் பயன்படுத்தும்படி ஆணை பிறப்பித்தது. தனி ஒரு மருத்துவர் கத்தியபோது கேளாத காதுகள், மருத்துவரும் ஆய்வாளரும் ஒன்றாக நின்று பேசியபோது திறந்தன.

இச்சங்கம் தொடர்ந்து பல நகரங்களில் கூடியது. 1923ஆம் ஆண்டில் சிங்கப்பூரிலும், 1927ஆம் ஆண்டில் கல்கத்தாவிலும் மாநாடுகள் நடந்தன. 1938ஆம் ஆண்டு ஹனோய் மாநாட்டுக்குப் பிறகு போர் அதன் கதையை முடித்துவிட்டது.

அதற்குள் அறிவியல் வெகுதூரம் போயிருந்தது. 1912ஆம் ஆண்டில் காசிமிர் பங்க் என்பவர் இத்தகைய சத்துகளுக்கு 'வைட்டமின்' என்று பெயரிட்டார். 1926ஆம் ஆண்டில் பத்தாவியா ஆய்வகத்தில் யான்சனும் டோனத்தும் தவிட்டிலிருந்து அந்தச் சத்தைப் படிகமாகப் பிரித்தெடுத்தார்கள். 1929ஆம் ஆண்டில் எய்க்மனுக்கு நோபல் பரிசு கிடைத்தது. மணிலாவில் பெரிபெரி ஆய்வைத் தொடங்கிய அமெரிக்க வேதியியலாளர் ராபர்ட் வில்லியம்ஸ், 1936ஆம் ஆண்டில் அதைச் செயற்கையாகவே உருவாக்கினார். இன்று நாம் தையமின், அதாவது வைட்டமின் பி1 என்று சொல்வது அதைத்தான்.

இரத்தமா, அரிசியா?

இப்போது நம் கதைக்கு வருவோம். தமிழருக்குப் பெரிபெரி ஏன் வரவில்லை?

தையமின் நீரில் கரையும் சத்து. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது, தவிட்டிலும் முளையிலும் இருக்கும் அந்தச் சத்தின் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்குகிறது. அரிசியும் இறுகிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் உள்ளே போன சத்து முழுவதும் போய்விடாது. தமிழ்நாட்டுக் கிராமங்களில் அடுப்பு மூட்டி அண்டாவில் நெல் அவித்த பெண்களுக்கு வைட்டமின் தெரியாது. நெல் அவித்தால் அரிசி உடையாது, நெடுநாள் கெடாது, சோறு வயிற்றில் நிற்கும் என்பது தெரியும். அந்தப் பழக்கம் கப்பலேறி வந்தது. சஞ்சிக்கூலியாகவும் கங்காணி வழியாகவும் வந்த மக்களை, அவர்கள் அறியாமலேயே அது காத்து நின்றது.

இதைக் கேட்டு, "நம் இனத்துக்கே ஒரு தனிச் சக்தி" என்று மார்தட்டத் தோன்றலாம். அது தவறு. தமிழனைக் காத்தது இரத்தம் இல்லை, அரிசி. அரிசி மாறினால் காப்பும் போய்விடும். இதற்கு ஆதாரம் தேடி நெடுந்தூரம் போக வேண்டியதில்லை.

ஜப்பானியர் ஆட்சியில், 1942, 1943ஆம் ஆண்டுகளில், மலாயாவின் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர்கள் சயாம் மரண இரயில் பாதை போட இழுத்துச் செல்லப்பட்டார்கள். நெகிரி செம்பிலான் தோட்டங்களும் அந்தக் கொடுமைக்குத் தப்பவில்லை. அங்கே கிடைத்தது கொஞ்சம் வெள்ளை அரிசிச் சோறும், பெயருக்கு ஒரு குழம்பும். காலராவும் மலேரியாவும் வயிற்றுப்போக்கும் கொன்றது போக, பெரிபெரியும் முகாம்களில் புகுந்தது. சிரம்பான் மருத்துவரின் கணக்கில் அந்த நோயிலிருந்து தப்பிய மக்களின் பிள்ளைகள், சயாம் காட்டில் அதே நோய்க்கு ஆளானார்கள்.

அப்போது பெரிபெரி மர்ம நோயாக இருக்கவில்லை என்பதுதான் வேதனை. காரணம் தெரியும். தடுக்கும் வழியும் தெரியும். மணிலாத் தீர்மானம் நிறைவேறி முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. அறிவு இருந்தது, ஆனால் அடிமைப்பட்டவனின் தட்டுக்கு அது வந்து சேரவில்லை.

எஞ்சி நிற்கும் பாடம்

இந்த வரலாற்றில் பெயர் பெற்றவர்கள் பலர். பிராடன், பிளெட்சர், பிரேசர், ஸ்டான்டன் ஆகியோர் பெயர் நூல்களில் இருக்கிறது. துரியான் திப்புஸ் காட்டில் வெள்ளை அரிசி தின்று கால் வீங்கிய ஜாவாத் தொழிலாளியைப் பற்றி அதே நூல்கள் வெறும் எண்ணிக்கையாகவே பேசுகின்றன. பிராடனின் கணக்கில் 'தமிழர்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடங்கிய ஆயிரக்கணக்கானோரின் நிலையும் அதுதான். அவர்கள் இல்லாமல் இந்த அறிவு பிறந்திருக்காது.

இன்று தோட்டங்கள் பல துண்டாடப்பட்டுவிட்டன. லயத்தில் வாழ்ந்தவர்களின் பேரப்பிள்ளைகள் சிரம்பானிலும் நீலாயிலும் தாமான் வீடுகளில் குடியிருக்கிறார்கள். அவர்களில் சிலர் மருத்துவர்கள். சிலர் மருத்துவமனை ஆய்வகங்களில் நம் இரத்தத்தையும் சிறுநீரையும் சோதிக்கும் ஆய்வாளர்கள். மருத்துவரும் ஆய்வாளரும் சேர்ந்து கூடும் சங்கங்கள் இன்றும் இருக்கின்றன. அவை வெறும் விருந்துக்கும் படமெடுக்கவும் கூடும் கூட்டங்களாக ஆகிவிடக் கூடாது. ஆய்வகம் சொல்லும் எண்ணை மருத்துவர் கேள்வி கேட்க வேண்டும். மருத்துவர் காணும் வித்தியாசத்தை ஆய்வகம் சோதித்துப் பார்க்க வேண்டும். இருவரும் கண்டதைச் சமையல்கட்டில் நிற்பவருக்குப் புரியும் மொழியில் சொல்ல வேண்டும். இந்த மூன்றில் ஒன்று தவறினாலும் என்ன நடக்கும் என்பதற்குச் சிரம்பானும் சயாமும் சாட்சி.

பெற்றோர்களே, அடுத்த முறை வீட்டில் அரிசி மூட்டை பிரிக்கும்போது பிள்ளைகளை அருகில் அழையுங்கள். புழுங்கல் அரிசியையும் பச்சரிசியையும் கையில் கொடுத்து வித்தியாசம் காட்டுங்கள். தோட்டத்தில் என்ன அரிசி சமைத்தார்கள், ஜப்பான்காரன் காலத்தில் என்ன தின்றார்கள் என்று வீட்டில் இருக்கும் பெரியவர்களைக் கேளுங்கள். அவர்கள் சொல்வதை எழுதி வையுங்கள். ஒருவர் தட்டில் என்ன இருந்தது என்று பார்த்ததால்தான் ஒரு பெரிய நோயின் முடிச்சு அவிழ்ந்தது. அந்தத் தட்டுகளின் கதையைச் சொல்லக்கூடியவர்கள் இன்று மிகச் சிலரே மிஞ்சியிருக்கிறார்கள்.